கருப்பு, நீளம், ஒன்று

விலை குறைவு என்பதால்தான் வாங்கினேன்.
கேஷ் கவுண்டர்க்காரிக்கு
ஜெர்மன்காரன் செய்தது கட்டுப்படியாகாது.
காளபாதேவிக் கடையில் தாராப்வாலா அதை மேஜைமேல் வைத்தபோது
டிபன் டப்பா போலச் சத்தம் கேட்டது.
கட்டை முழுக்க ப்ளாஸ்டிக்.
பாயிண்ட் டூ-டூ, செமி ஆட்டோமேட்டிக்:
ஒருமுறை இழுத்தால் ஒன்று போகும்,
வெற்றுக் கூட்டைத் துப்பிவிட்டு
அடுத்ததைத் தானே ஏற்றிக்கொண்டு காத்திருக்கும்.
கவுண்டரில் என் வேலையும் அதுதான்.

வொர்லியில் முதல் ஞாயிறு.
ஐம்பது மீட்டர், பத்து குண்டு.
காகிதத்தில் மெதுவடை அளவுக்கு ஒரு வட்டம்.
வடையேதான்;
நடுவில் மட்டும் எதுவும் இல்லை.

விசையைப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு கிலோ எழுநூறு.
ஒவ்வொரு குண்டுக்கும்
ஒற்றை விரலால் ஓர் உயிர்க்கோழியைத் தூக்கியிருக்கிறேன்.
போனஸ் வந்த மாதம் வேறு விசை போட்டேன்,
ஒன்று நூறு.
கோழி குஞ்சாகிவிடவில்லை,
உரித்துச் சுத்தம் செய்தாயிற்று, அவ்வளவே.

பிறகு தொலைநோக்கி, மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை.
பிறகு கன்னம் வைக்க ஒரு மெத்தை.
பிறகு தோள்வார்.
வடை வடையாகவே இருந்தது.

ஒரு ராத்திரி, மின்விசிறியை நிறுத்திவிட்டு,
குழலுக்கும் கட்டைக்கும் நடுவே
பத்து ரூபாய்த் தாள் ஒன்றைச் செருகி இழுத்தேன்.
பாதி தூரத்தில் நின்றுவிட்டது.
அங்கேதான் உரசல்.
கள்ள நோட்டைத் தொட்டதும் விரல் நிற்குமே,
அப்படி நின்றேன்.
பன்னிரண்டு ரூபாய்க்கு உப்புத்தாள்,
தேய்த்துத் தேய்த்து, ஊதி ஊதி,
விடியும்போது தாள் வழுக்கிப் போய் வந்தது.

அடுத்த ஞாயிறு
பத்தில் ஒன்பதைப் பத்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.
பத்தாவது துப்பாக்கியின் தப்பில்லை.
விசையும் கண்ணாடியும் சேர்ந்து
துப்பாக்கி விலையைத் தொட்டுவிட்டன.
கணக்குப் பிள்ளை நான்,
இதை மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

அப்புறம் தேர்தல் வந்தது.
லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டுமாம்.
பதக்கம் வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டு,
எனக்கு இல்லை.
சுனாபட்டி ஸ்டேஷனில் ஹவல்தார் சுர்வே
பையின் ஜிப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.
"எதைச் சுடுவீங்க, மேடம்?"
காகிதத்தை.
"காகிதம் உங்களை என்ன செஞ்சது?"
பதில் இருந்தது. சொல்லவில்லை.

அந்த விசையை அவர் தொடவே இல்லை.
உப்புத்தாள் தேய்த்த இடம் அவர் கண்ணில் படவில்லை.
பேரேட்டில் மராத்தியில் எழுதினார்:
கருப்பு, நீளம், ஒன்று.
துர்பீன், ஒன்று.
பட்டை, ஒன்று.
பெயர்: வெனிலா.
வெண்ணிலா என்று இருமுறை சொல்லிப் பார்த்தேன்.
பிறகு ஐஸ்கிரீம் பெயரிலேயே கையெழுத்துப் போட்டேன்.

அறுபத்தொரு நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தது.
குழலில் துரு இல்லை,
திருகுகள் இறுக்கமாகவே இருந்தன,
பையில் மட்டும் பீடி வாசனை.
தொலைநோக்கியின் வளையம் ஒன்பதில் நின்றது.
நான் எப்போதும் நாலில் வைப்பவள்.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன்.
எதிர்க் கட்டிடம், நாலாவது மாடி,
கொடியில் தலையணை உறை,
ஒரு கிளிக்கூண்டு,
அதற்குப் பின்னால் இருட்டாக ஓர் அறை.
வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.
சுர்வே ரசீதைத் தேடிக்கொண்டிருந்தார்,
தலை நிமிரவே இல்லை.

ஒன்பதில் பார்த்தால்
நாடித் துடிப்பு காகிதத்தில் தெரியும்,
கருப்பு வட்டம் என்னோடு சேர்ந்து ஆடும்.
குறி பார்க்க உதவாத மடங்கு அது.

மூன்று ஞாயிறு ஆகிவிட்டது,
இன்னும் நாலுக்குத் திருப்பவில்லை.